சிங்கப் பிடரித் தைலமும் காசிமிரா அக்காவும்

காசிமிரா அக்காவிடம் யாராவது, "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டால், "காலையில நான் கிளம்புறப்ப நல்லா இருந்தாரு. இப்ப எப்படின்னு நான் பார்க்கலையே" என்பாள். கேட்டவர் கீழே பள்ளத்தாக்கு நகரமான லா பாஸிலிருந்து வந்த, ஸ்பானியம் பேசுகிற புது ஆள் என்றால் திடுக்கிட்டுப் போவார். ஐமாரா மொழி பேசுகிற எங்கள் மலை ஆள் என்றால், பொறுப்பான பொம்பளை என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

எங்கள் ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். கண்ணால் பார்த்ததை ஒரு விதமாகச் சொல்வோம், காதால் கேட்டதை வேறு விதமாகச் சொல்வோம். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவனுக்கு ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். அந்த ஒழுங்கு தெரிந்தும் எனக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை, அது வேறு கதை. அக்காவோ இந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

என் பெயர் செவேரோ. லா பாஸுக்கு மேலே, மேட்டு நகரமான எல் ஆல்தோவில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் குமிழ் திருகுகிற வேலை. நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கோழி வறுவல் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு மைக், குளிருக்கு அடைக்காத ஒரு ஜன்னல். விடியற்காலையில் அக்கா வட்டத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கொசுவப் பாவாடையை ஒதுக்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தையை நாற்காலியில் போட்டு உட்கார்ந்தால், ஏரிக்கரையிலிருந்து பனிமலை அடிவாரம் வரை எல்லா வீட்டிலும் ரேடியோ பேசும்.

"ஏரிக்கரை தெமெத்ரியோவுக்கு. உன் தங்கச்சி சனிக்கிழமை பஸ்ல வர்றாளாம். கழுதையோட வந்து நிக்கச் சொல்றா. மூட்டை பெருசாம். எவ்வளவு பெருசுன்னு நான் பார்க்கல."

செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் மலைக்குப் பின்னால் உள்ள ஊர்களில் சிக்னல் வேண்டுமென்றால் குன்றின் மேல் ஏறி நிற்க வேண்டும். ரேடியோவுக்கு ஏற வேண்டியதில்லை. படுத்த இடத்திலேயே காது கொடுத்தால் போதும்.

அக்கா இந்த வேலைக்கு வந்த கதையில் முதல் பாதி நான் கேட்டது. அவளுடைய தம்பி இலாரியோன், வெற்றிலைபோல் நாங்கள் மெல்லுகிற கோகா இலை பறிக்க மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தானாம். ஒருநாள் எங்கள் நிலையத்தில் அப்போது வாசித்துக்கொண்டிருந்த ஆள், 'இலாரியோன் இறந்துவிட்டான்' என்று பட்டென்று வாசித்துவிட்டானாம். ஊரில் அம்மா மூன்று நாள் அழுதாளாம். ஆட்டை அறுத்து, சாராயம் ஊற்றி, சொந்தபந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து துக்கம் அனுசரித்துக்கொண்டிருக்கும்போது, செத்தவன் ஒரு வாழைத்தாரோடு லாரியிலிருந்து இறங்கினானாம். கூட்டத்தைப் பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டானாம். யாருக்கும் பதில் சொல்ல வாய் வராததால், அவனும் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டானாம்.

இனி வருவது நான் பார்த்தது. மறுநாள் காலை மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முதுகில் வெங்காய மூட்டையோடு ஒரு பெண்பிள்ளை, ஒரு ஆளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அதுதான் காசிமிரா அக்கா, அப்போது அவள் சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தாள்.

"இவன் செத்துட்டான்னு சொன்னது எவன்டா?"

வாசிக்கிற ஆள் நடுங்கிப்போய், "எனக்கு வந்த சேதியைத்தாம்மா வாசிச்சேன்" என்றான்.

"வந்த சேதின்னு சொன்னியா? பக்கத்துல நின்னு பார்த்தவன் மாதிரியில்ல சொன்னே! நீ பார்த்தியா? நீயா குழி வெட்டினே?"

"விடுக்கா" என்றான் இலாரியோன். "சாப்பாடு நல்லாத்தானே இருந்துச்சு."

எங்கள் முதலாளி எவாரிஸ்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவ்வளவு சரியா பேசத் தெரிஞ்சா நீங்களே வாசிங்களேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அக்கா மூட்டையை இறக்கி வைத்தாள், உட்கார்ந்தாள், வாசித்தாள். அன்று உட்கார்ந்தவள்தான். வெங்காயத்தை நாங்கள் வேகவைத்துத் தின்றோம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் சிங்கப் பிடரித் தைலம் வந்து விழுந்தது.

சிங்கப் பிடரித் தைலம் என்பது தலைக்குத் தேய்க்கிற சமாச்சாரம். சீசாவில் சிங்கப் படம். அதை விற்றவர் நிக்கானோர். ஏரிக்கரையில் ஒரு கிராமத்தில் பிறந்து, எல் ஆல்தோவுக்கு வந்து, சந்தையில் ஒலிபெருக்கி வைத்து ஸ்பானிய மொழியில் முழங்கி முன்னுக்கு வந்தவர். எங்கள் விடியற்கால நிகழ்ச்சி முழுவதற்கும் அவர் ஒருவர்தான் விளம்பரதாரர். அவர் கொடுக்கிறவரை நிகழ்ச்சி உண்டு. நிறுத்தினால் முதலாளி அந்த நேரத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குவார்.

முதல் நாள் விளம்பரத்தை அக்கா இப்படி வாசித்தாள்: "சிங்கப் பிடரித் தைலம். தேய்ச்சா முடி காடு மாதிரி வளருமாம். வளர்ந்த தலை எதுவும் இன்னும் என் கண்ணுல படல. ஆனா வாசம் நல்லாருக்கு. அதை நானே மோந்து பார்த்தேன்."

நிக்கானோர் அன்றைக்கே மாடியேறி வந்தார். புருவம் வரை இழுத்துவிட்ட தொப்பி. அந்தத் தொப்பியை அவர் கழற்றி நான் பார்த்ததே இல்லை. அதற்கு அடியில் என் தலையைவிடப் பளபளப்பான ஒன்று இருக்கிறது என்று கோழிக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நானே வழுக்கை. சொந்த ஜாதியை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர்.

"என்னம்மா இது? காசு குடுத்து என் சரக்கை நானே கேவலப்படுத்திக்கணுமா? முடி வளரும்னு நேரா சொல்லுங்க!" என்று கத்தினார்.

"வளர்ந்ததைக் காட்டுங்கய்யா, நேரா சொல்றேன்" என்றாள் அக்கா.

"ரேடியோவுல எல்லாரும் சொல்றதுதானே!"

"ஸ்பானிய மொழியில சொல்றாங்க. அங்கே யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம்போல. நம்ம பாஷையில பேசுறப்ப கேக்கறவ என் பெரியம்மா, என் சித்தி, என் ஊர்க்காரி. நாளைக்கு சந்தையில மூஞ்சியைப் பார்க்கணுமில்ல?"

முதலாளி நடுவில் நுழைந்து கையைப் பிசைந்தார். கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். சொல்லிவிட்டு அவள் கண் போன இடம் என் தலை.

"இதோ இருக்கே தரிசு நிலம்! இதுல தேய்ப்போம். ஒரு மாசம் நான் தினமும் பார்க்கறேன். முளைச்சா, முளைச்சுதுன்னு ஊருக்கே சொல்றேன்."

"அக்கா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

"உன்னை என்ன கேக்கறது? தரிசைக் கேட்டுட்டா உழுறாங்க?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். என் மொட்டைத் தலைக்கும் அக்காவின் நாற்காலிக்கும் அன்றைக்கு முடிச்சுப் போட்டார்கள்.

மறுநாளிலிருந்து சேதிகள் முடிந்ததும் என் தலைக்கு ஒரு நேரம் ஒதுக்கப்பட்டது. அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, கோழி முட்டையில் குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் என் மண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு மைக்குக்கு வருவாள்.

"இன்னிக்கு செவேரோ தலையில ஒண்ணுமில்ல. வாசம் நல்லாருக்கு."

"இன்னிக்கும் ஒண்ணுமில்ல. காதுகிட்ட கருப்பா ஏதோ தெரிஞ்சுது, தொட்டுப் பார்த்தேன், கரி."

என் மானம் ஏரி தாண்டிப் போனது. மினி பஸ்ஸில் கூவுகிற பையன், "இறங்கறவங்க இருக்கீங்களா?" என்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "முளைச்சுதாண்ணே?" என்று கேட்டான். முன்பின் தெரியாத அம்மாக்கள் என் கம்பளிக் குல்லாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, காசிமிரா சொன்னது நிசம்தான்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கிராமங்களிலிருந்து, மலையில் மேய்க்கிற லாமா மிருகத்தின் கொழுப்பு வந்தது, குல்லாய் வந்தது, உருளைக்கிழங்குச் சாறு பிழிந்து தேய்க்கச் சொல்லி வைத்தியம் வந்தது. ஒரு சேதியை அக்கா வேண்டுமென்றே இரண்டு தடவை வாசித்தாள்: "செவேரோ தம்பிக்கு. முடி இல்லாட்டியும் பரவாயில்ல, சொந்த நிலம் இருக்கான்னு ஒரு பொண்ணு வீட்டுல கேக்கறாங்க." எனக்கு நிலம் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பிறகு சேதி இல்லை.

மாதம் முடிந்தது. அக்கா நீண்ட நேரம் பார்த்தாள். அவளுக்கும் ஆசைதான், எனக்குத் தெரியும். ஒரே ஒரு முடி முளைத்திருந்தால் அவள் நாற்காலி பிழைத்துவிடும். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு மைக்கில் சொன்னாள்:

"மாசம் முடிஞ்சுது. செவேரோ தலையில நான் பார்த்தது ஒரு பரு. வேற ஒண்ணுமில்ல."

பாட்டு முடிவதற்குள் நிக்கானோர் படியேறி வந்துவிட்டார். முகம் மிளகாய்ப் பழமாக இருந்தது.

"போதும்! நாளைக்குக் காலையில 'முடி வளரும்'னு நேரா சொல்லணும். இல்லேன்னா நாளையோட நான் குடுக்கறது நின்னுது. இந்த நிகழ்ச்சியும் நின்னுது."

முதலாளி தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை.

"நாளைக்கா?" என்றாள் அக்கா. எங்கள் ஆட்கள் நாளை என்று சொன்னால் கை தானாகத் தோளுக்குப் பின்னால் போகும். நேற்று கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பார்த்தாயிற்று. நாளை முதுகுக்குப் பின்னால், யார் பார்த்தது? அக்காவின் கை தோளுக்குப் பின்னால் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. "சரிங்கய்யா. நீங்களே வந்து சொல்லுங்க. இந்த மைக்குல, ஐமாராவுல. உங்க வாயில அது நேரா வந்துதுன்னா நான் மெத்தையைச் சுருட்டிக்கிட்டு வெங்காயம் விக்கப் போறேன். சொல்றதுக்கு வேற ஆளை வெச்சுக்குங்க. வரலேன்னா என்னை என் வழியில விட்டுடுங்க."

நிக்கானோர் சிரித்தார். "ஒலிபெருக்கியில ஊரையே கூட்டி வித்தவன் நான். என்னை மிரட்டுறீங்களா? வர்றேன்."

முதலாளிக்கு வியாபார மூளை. அன்று பகல் முழுவதும் பாட்டுக்கு நடுவே, 'நாளைக் காலை நிக்கானோர் ஐயா அவர்களே பேசுகிறார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்காவும் நானும் கீழே தள்ளுவண்டியில் ஆப்பி என்கிற சூடான கருஞ்சோளக் கஞ்சியை வாங்கிக் குடித்தோம். "அக்கா, ஒரே ஒரு வார்த்தை. காத்தோட போற வார்த்தை. சொல்லித் தொலைச்சா என்ன?" என்றேன்.

"காத்தோட போன வார்த்தைதான்டா எங்கம்மாவை மூணு நாள் அழ வெச்சுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பையைத் தன் பாவாடை ஓரத்தில் துடைத்தாள். "அந்த நாற்காலியை விட்டுப் போறது எனக்கு மட்டும் சந்தோஷமா? கிழவிங்க எல்லாம் என் குரலைக் கேட்டுத்தான் அடுப்பு பத்த வெக்கறாங்க. ஆனா நான் ஒரு தடவை பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லிட்டா, அப்புறம் 'உன் மகன் நல்லாருக்கான், நேத்து நானே பார்த்தேன்'னு சொன்னா எவ நம்புவா?"

மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா வரும்போதே, மூட்டை கட்டிச் சுமக்கும் முதுகுத் துணியை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். தன் கோப்பை, கோகா இலைப் பை, காய்ந்த உருளைக்கிழங்கு வைத்திருந்த டப்பா எல்லாவற்றையும் அதில் கட்டினாள். மெத்தை மட்டும் நாற்காலியில் இருந்தது. நிக்கானோர் புதுக் கோட்டில் வந்தார், அதே தொப்பி. நான் அந்தத் தொப்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். "உள்ள கண்ணாடி மாதிரி இருக்கும், பந்தயம் கட்டுறேன்" என்று அக்கா காதில் கிசுகிசுத்தேன்.

"நீ பார்த்தியா?" என்றாள்.

"பார்க்கணுமா என்ன?"

"வாயை மூடு. சிவப்பு விளக்கைப் போடு."

சேதிகளை வாசித்தாள். ஒருவனுக்கு மாடு ஈன்றிருந்ததாம். ஒருத்திக்கு மாமியார் வருகிறாளாம், எச்சரிக்கை. கடைசியாக, பஸ் ஓட்டுநர் அப்போதுதான் படியில் நின்று வாய்வழியாகச் சொல்லிவிட்டுப்போன ஒரு சேதி.

"நிக்கானோருக்கு, அவங்கம்மா பொனிஃபாசியா சொல்லிவிட்டது. 'மகனே, நீ ரேடியோவுல பேசப் போறியாம். புது பாட்டரி போட்டிருக்கேன். அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் நம்ம முற்றத்துல வந்து உக்கார்றேன்னு சொல்லியிருக்கு. உங்கப்பாவையும் எழுப்பி உக்கார வெக்கறேன். அங்கே குளிரும், தொப்பியைக் கழட்டாதே. சொல்லு, கேக்கறோம்.'"

அக்கா எழுந்து நாற்காலியைக் காட்டினாள். நிக்கானோர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், அம்மா வேண்டாம் என்று சொன்னதைக் கேட்ட பிறகும், அம்மாவிடம் பேசப்போகிற மரியாதையில் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது.

முடி! கறுகறுவென்று, துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் முடி. சீப்பை விட்டால் திரும்ப வராது. நான் வாயைப் பிளந்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது.

நிக்கானோர் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் வணக்கம். அம்மா, வணக்கம். இது சிங்கப் பிடரித் தைலம். இதைத் தேய்ச்சா முடி..."

நிறுத்தினார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். சந்தையில் ஆயிரம் தடவை சொன்ன வாய்தான். ஒரு சொல்தான் பாக்கி. அம்மா உட்கார்ந்திருக்கிற அந்த முற்றம் என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அருமையான முடிக்குள்ளிருந்து நெற்றியில் வேர்வை இறங்கியது.

"முடி..." என்றார் மறுபடியும். "முடி... வளருமாம், அம்மா."

சொன்ன பிறகு அவருக்கே மூச்சு வந்ததுபோல் இருந்தது. மடமடவென்று கொட்டினார். "காய்ச்சி எனக்கு விக்கறவன் சொன்னான். நான் பார்க்கல. என் தலையில இருக்கறது நீங்க குடுத்தது. நான் இதைத் தேய்ச்சதே இல்ல. வாசம் நல்லாருக்கு, அது எனக்கு நல்லாத் தெரியும். அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கறேன்."

நான் பாட்டுப் போட மறந்து நின்றேன். அக்கா என் விலாவில் இடித்த பிறகுதான் கை நகர்ந்தது.

நிக்கானோர் எழுந்து கோட்டைச் சரிசெய்தார். முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அக்காவிடம், "நீங்க எப்பவும் சொல்றபடியே சொல்லுங்க" என்றார். கதவுவரை போய்த் திரும்பி, "அந்த வாசத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கம்மா" என்றார்.

"அது நான் மோந்தது. நல்லா அழுத்தியே சொல்றேன்" என்றாள் அக்கா. அவர் படி இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு முதுகுத் துணியின் முடிச்சை அவிழ்த்து, கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வந்ததா என்று தெரியாது, அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

அடுத்த நாள் அதே பஸ் ஓட்டுநர் மறுபடியும் மூச்சிரைக்க ஏறி வந்தான். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அக்கா மைக்குக்கு வந்தாள்.

"நிக்கானோருக்கு, அவங்கம்மா சொல்லிவிட்டது. 'நீ பேசினதை எல்லாரும் கேட்டோம். பட்டணத்துக்குப் போய் மாறிட்டேன்னு இங்க நாலு பேர் சொல்லிக்கிட்டிருந்தாங்க. இப்ப யாரும் சொல்றதில்ல. உங்கப்பா தலைக்கு ஒரு சீசா குடுத்துவிடு. ஒரு மாசம் நானே தேய்க்கறேன். முளைச்சா, முளைச்சுதுன்னு நான் பார்த்து ஊருக்கே சொல்றேன்.'"